கேட்பதற்கு ஓர் இருக்கை
(மைசூர் அரசும் மனநல மருத்துவமும்: வரலாற்றுத் தொடர், பகுதி 7)

ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயக் கமிஷனர்களின் நிர்வாகத்தில் இருந்த மைசூர் நாடு, 1881 மார்ச் 25 அன்று மீண்டும் உடையார் மரபின் ஆட்சிக்குத் திரும்பியது. அதே ஆண்டில், சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து சென்று மைசூரின் திவானாக உயர்ந்த சி. ரங்காசார்லு, தசரா விழாவை ஒட்டி மைசூர் நகரில் பிரதிநிதி சபை ஒன்றைக் கூட்டினார். 144 பேர் கொண்ட அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் உரிமையோ, வரவு செலவுத் திட்டத்தை மறுக்கும் உரிமையோ இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை திவான் அதன் முன் நின்று, அரசு செய்ததையும் செய்யப் போவதையும் படித்துக் காட்ட வேண்டும். வந்திருப்போர் தத்தம் வட்டாரத்துக் குறைகளை எழுப்புவார்கள். அவற்றுக்கு அவர் விடை சொல்ல வேண்டும். ஆட்சியில் இருப்பவர் தம் செயலுக்கும் செயலின்மைக்கும் குடிமக்கள் முன் விளக்கம் தருவதற்கு இன்று 'பொறுப்புக்கூறல்' என்று பெயர். இந்தியச் சமஸ்தானங்களில் அதற்கு இவ்வளவு முன்னதாக ஓர் அரங்கு அமைத்துக் கொடுத்தது மைசூர் நகரம்தான் என்பதில் அந்நகரத்தார் பெருமை கொள்வது முற்றிலும் நியாயமே.

சபையில் அமர்ந்தவர்கள் நிலக்கிழார்களும் வணிகர்களும். ஏரி மராமத்து, நிலவரி, சாலை, காடு ஆகியவை பற்றிப் பேச அங்கே ஆள் இருந்தது. பேச ஆளில்லாதவர் பலர். அவருள்ளும் கடைசி வரிசையில் நின்றவர்கள் மனநோயாளிகள். நிலமற்ற உழவர் பின்னொரு நாளில் வாக்குரிமை பெற்று அவைக்குள் வர வழி இருந்தது. மனநோயாளியையோ, தனக்காகத் தானே பேசும் தகுதி இல்லாதவர் என்றே அக்காலச் சட்டம் வரையறுத்திருந்தது. அரசின் காவலில் இருக்கும் ஒருவர் இறந்துபோனால் யார் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டவருக்கு விடை சொல்ல யார் கடமைப்பட்டவர் என்ற வினாக்கள் அடுத்த நூற்று நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு உருப்பெற்றன என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

மைசூர் நாட்டின் மனநோயாளிகளுக்கான காப்பகம் அரண்மனை நகரில் அமையவில்லை. நிர்வாகத் தலைநகரான பெங்களூரில், கமிஷனர் ஆட்சிக் காலத்தில், 1847-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டது. மைசூர், ஹாசன், சிவமொக்கா என நாட்டின் எந்த மூலையில் ஒருவருக்கு மனம் பேதலித்தாலும், உறவினரோ காவலரோ அவரை அங்கேதான் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. இத்தகைய காப்பகங்கள் ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் வழக்கம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் இருந்தது. சேர்ந்தோர், குணமாகி வெளியேறியோர், உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டோர், இறந்தோர் என நீளும் அட்டவணைகளில் மரணத்துக்கும் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. தன் கூரையின் கீழ் இறந்தவரை அரசு எண்ணியாக வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் ஏறினால் மருத்துவ அதிகாரி காரணம் எழுத வேண்டும் என்ற ஒழுக்கம் அதில் அடங்கியிருந்தது. ஆயினும் விளக்கம் மேல்நோக்கி மட்டுமே சென்றது. கண்காணிப்பாளர் தம் மேலதிகாரிக்கும், அவர் அரசுக்கும் விடை சொன்னார்களே அல்லாமல், இறந்தவரின் தாய்க்கோ மனைவிக்கோ விடை சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் அந்த ஏணியில் இல்லை.

1912-ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் பிரிட்டிஷ் இந்தியக் காப்பகங்களைச் சிறைத்துறையின் மேற்பார்வையிலிருந்து பிரித்து மருத்துவ அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. காப்பகங்களுக்கு 'மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாற்றும் போக்கு 1920-களில் பரவியது. மைசூர் அரசு 1925-இல் பெங்களூர்க் காப்பகத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பெயரோடு பொருளும் மாறிய இடங்கள் இந்தியாவில் மிகச் சில. பெங்களூர் அவற்றுள் ஒன்று. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்ஸா இஸ்மாயிலின் ஆதரவோடு, கண்காணிப்பாளர் பிராங்க் நொரோன்ஹாவின் காலத்தில் நகருக்கு வெளியே விரிந்த நிலத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தன. அவரைத் தொடர்ந்த எம். வி. கோவிந்தசுவாமி, உளவியலையும் மருத்துவத்தையும் ஒருங்கே கற்றவர். மருத்துவமனையை நோயாளிகளின் இருப்பிடம் என்ற நிலையிலிருந்து கற்பிக்கும், ஆராயும் நிறுவனமாக உயர்த்தினார். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மாப்பதர், இலங்கை அரசின் அழைப்பில் நெரிசல் மிகுந்த அங்கொடை மருத்துவமனையை ஆராய 1937-இல் வந்தபோது இந்திய மருத்துவமனைகள் சிலவற்றையும் பார்வையிட்டார். பொதுவாகக் கடுமையாக எழுதிய அவர் பெங்களூரைப் பாராட்டினார்.

மைசூர் நகரின் பங்கு வேறு வகையில் வந்தது. அங்குள்ள மகாராஜா கல்லூரியில் 1924-இல் உளவியல் துறை தொடங்கியது. கல்கத்தாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் தொடங்கப்பட்ட துறை இது. அதை நடத்திய எம். வி. கோபாலசுவாமி, 1935-இல் தம் வீட்டிலேயே 'ஆகாசவாணி' என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கியவராகவே பலருக்கு நினைவில் இருக்கிறார். மைசூர் மருத்துவக் கல்லூரியும் 1930-இல் பெங்களூரிலிருந்து மைசூர் நகருக்கு இடம்பெயர்ந்தது. மன நோய் என்பது தீவினைப் பயனோ பேய்க்கோளாறோ அல்ல, படித்தறியவும் தீர்க்கவும் கூடிய ஒன்று என்ற எண்ணத்தை ஓர் அரசே தன் பணத்தில் வளர்த்த காலம் அது.

சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946-இல் வெளியான, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் 19 மனநோய் மருத்துவமனைகளும் சுமார் 10,000 படுக்கைகளுமே இருப்பதைச் சுட்டி, மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்று தேவை என்றது. அதன்படி 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் பெங்களூரில் அமைந்தது; அதுவும் மாநில மருத்துவமனையும் 1974-இல் ஒன்றிணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆயின. 1980-களின் நடுவில் அந்நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் ஊழியருக்கும் பயிற்சி தந்து, மருந்தை நோயாளியின் ஊருக்கே கொண்டு சென்ற அந்தப் பெல்லாரி முறையே, 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அடிப்படை. அந்நான்கில் ஒன்று தமிழகத்தின் திருச்சி. வழி தெரிந்திருந்தது, மருந்தும் இருந்தது, அது மலிவாகவும் இருந்தது. இனி வரும் நிகழ்வைப் படிப்போர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையே அரசின் பொறுப்பைப் பற்றிய சட்டச் சிந்தனையும் நகர்ந்துகொண்டிருந்தது. அரசு ஊழியரின் தவறால் விளைந்த இழப்புக்கு அரசு ஈடு செய்ய வேண்டியதில்லை என்ற 'இறையாண்மைக் காப்பு' எனும் கோட்பாடு கம்பெனி காலத்திலிருந்து வருவது. 1965-இல் கூட, காவல் நிலையத்தில் காணாமற்போன தங்கத்துக்கு உத்தரப் பிரதேச அரசு பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் அக்கோட்பாட்டின்படியே தீர்ப்பளித்தது. அதில் முதல் விரிசல் விழுந்தது, பொருத்தமாகவே, 'பைத்தியம்' என்ற சொல்லைச் சாக்காகக் கொண்ட ஒரு வழக்கில்தான். பீகாரில் 1968-இல் விடுதலை செய்யப்பட்ட ஒருவர் 14 ஆண்டுகள் கழித்தே சிறையிலிருந்து வெளிவந்தார். அவர் மனநிலை சரியில்லாதவர் என்பது அரசின் வாதம். அதற்கு ஏற்கத்தக்க மருத்துவச் சான்று எதையும் அரசால் காட்ட முடியவில்லை. 1983-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, அடிப்படை உரிமை பறிக்கப்பட்டதற்காகவே அரசு பணம் தர வேண்டும் என ஆணையிட்டது. தொகை சிறிது, 35,000 ரூபாய், கொள்கையோ பெரிது. 1996-இல் வந்த இரு தீர்ப்புகள் அதை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவந்தன. மகாராஷ்டிர அரசு மருத்துவமனையில் அறுவையின்போது துணி உள்ளே விடப்பட்டு இறந்த பெண்ணின் வழக்கில், மருத்துவமனை நடத்துவது இறையாண்மைச் செயல் ஆகாது, எனவே அரசே பொறுப்பு என்றது ஒன்று. அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது மற்றொன்று.

மனநோயாளிகளுக்கென்று வந்த தனிச்சட்டம், 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வர 1993 ஏப்ரல் வரை ஆறு ஆண்டுகள் பிடித்தன என்பதே அரசுகளின் அக்கறைக்கு அளவுகோல். மனநோயாளிகளை வைத்துப் பேணும் தனியார் மருத்துவமனை எதுவும் உரிமம் பெற வேண்டும். அதிகாரிகளும் நியமிக்கப்பட்ட பார்வையாளர்களும் உள்ளே சென்று ஆய்வு செய்ய வேண்டும். மாநில மனநல ஆணையம் இவற்றை மேற்பார்வையிட வேண்டும் என்றது அச்சட்டம். காகிதத்தில் குறையில்லை. ஆனால் தன்னை மருத்துவமனை என்று அழைத்துக்கொள்ளாத ஓர் ஓலைக் கொட்டகைக்குள் யார் சென்று பார்ப்பது என்பதை எந்த மாவட்ட நிர்வாகமும் தன் வேலையாகக் கருதவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி, சுல்தான் சையது இபுராகிம் ஷஹீது வலியுல்லாவின் தர்காவால் பெயர்பெற்ற ஊர். சமய வேறுபாடின்றித் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும், தர்காவின் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என நம்பி மக்கள் வந்தார்கள். குணமானதற்கு அடையாளமாகக் கனவில் ஓர் உத்தரவு வரும், அதுவரை தங்கியிருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. காத்திருப்பு மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீண்டது. தங்குவோர் பெருகப் பெருக, தர்காவைச் சுற்றித் தனியார் 'மனநல இல்லங்கள்' முளைத்தன. அவற்றை நடத்தியவர்களுள் பலர், தம் உறவினரின் குணம் நாடி முன்பு அவ்வூருக்கு வந்து தங்கிவிட்டவர்களே. குடும்பங்கள் மாதந்தோறும் பணம் தந்தன. பகலில் மரத்திலும் இரவில் படுக்கையிலும் நோயாளிகள் பிணைக்கப்பட்டார்கள். இதில் நம்பிக்கையை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அது நேர்மையும் ஆகாது. இராமநாதபுரத்தில் மனநோயாளியை வைத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அரசு காட்டிய இடம், பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், தர்காவின் வாசலில் நோயாளியை யாரும் ஏளனம் செய்யவில்லை என்பதையும் வரலாறு கணக்கில் எடுக்க வேண்டும்.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், மொய்தீன் பாதுஷா மனநல இல்லம் என்ற கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சங்கிலியில் இருந்தார்கள். கட்டு தளர்ந்திருந்த சிலர் தப்பினர். 25 பேர் அங்கேயே கருகினர். பின்னர் இறந்தவர்களைச் சேர்த்து எண்ணிக்கை 28 ஆயிற்று. உடல்களை அடையாளம் காண இயலவில்லை.

ஒரு வாரத்தில், ஆகஸ்டு 13 அன்று, தமிழக அரசு ஏர்வாடியின் அத்தகைய இல்லங்கள் அனைத்தையும் மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர், அவர்களுள் ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரே வாரத்தில் செய்ய முடிந்தது அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் கடப்பது வரலாற்றாசிரியரின் கடமைத் தவறாகும். உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. இல்லங்கள் மறைவிடத்தில் இல்லை, பேருந்து சென்று நிற்கும் யாத்திரைத் தலத்தில் இருந்தன. என். ராமதாஸ் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், உரிமமின்றி எந்த இல்லமும் இயங்கக் கூடாது, சங்கிலிகள் அகற்றப்பட வேண்டும், மனநோயாளிகளுக்கான பராமரிப்பு மேம்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இல்லத்தின் உரிமையாளரும் அவர் மனைவியும் உறவினர் இருவரும் 2007-இல் ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். ஒரு கொட்டகையை நடத்தியவர்களின் குற்றம் இவ்வாறு தீர்க்கப்பட்டது. ஆய்வு செய்யக் கடமைப்பட்டிருந்தும் செய்யாத நிர்வாகத்தின் தவறு, குற்றவியல் வழக்கின் எல்லைக்கு வெளியே நின்றது. சட்டம் தனிமனிதரின் கையைத் தேடுகிறது. செய்யாமல் விடப்பட்ட செயலுக்குக் கை இல்லை.

அந்த இடைவெளியைத்தான் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் நிரப்ப முயன்றது. செய்திகளை அடிப்படையாகக் கொண்டு தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், தமிழகத்தை மட்டுமல்லாது எல்லா மாநிலங்களையும் அது பதில் சொல்ல வைத்தது. 2002-இல் பிறந்த ஆணைகளின்படி, மனநலச் சேவை தருவதாகச் சொல்லும் பதிவு பெற்ற, பெறாத அமைப்புகள் அனைத்தையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். தரம் இல்லாதவை மூடப்பட வேண்டும். மனநோய் மருத்துவத்தால் தீரக்கூடியது என்பதை மக்களிடம் பரப்ப வேண்டும். இவற்றுள் அதிகம் பேசப்படாத ஓர் ஆணை உண்டு: ஒவ்வொரு மாநிலத்திலும் சட்ட உதவிக் குழுவின் உறுப்பினர் இருவர் மாதந்தோறும் மருத்துவமனைகளுக்குச் சென்று, குணமானவர்கள் வீடு திரும்ப விண்ணப்பம் எழுத உதவ வேண்டும். நோயாளியின் சொல்லை எழுத்தாக்க வெளியாள் ஒருவர் உள்ளே வர வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது மிக நுட்பமானது; மைசூர்ப் பிரதிநிதி சபையில் இல்லாதிருந்த இருக்கையின் முதல் பலகை அங்கே வைக்கப்பட்டது.

ஏர்வாடி தனியார் இல்லத்தின் கதை என்று அரசுகள் ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மருத்துவமனைகளின் கண்காணிப்பை உச்ச நீதிமன்றம் 1997-இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆணையம் நிம்ஹான்ஸின் துணையோடு 37 அரசு மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் பல இன்னும் சிறையின் உருவிலேயே இருப்பதைக் காட்டியது. ஆய்வு நடத்தியது பெங்களூரின் நிறுவனம் என்பதை மைசூர் அரசின் முதலீடு தந்த பலன் எனலாம். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, 2023 ஜனவரியில், அதே ஆணையம் நாட்டின் 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலையை மனிதத்தன்மையற்றது என்றே விவரித்தது. குணமானவர்கள் கூட ஆண்டுக்கணக்கில் உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதை அது சுட்டிக்காட்டியது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றதன் விளைவு இது. மனநலச் சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஒருவர் வாழும் மாவட்டத்தில் அரசின் குறைந்தபட்சச் சேவை இல்லையெனில், அவர் அம்மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும். எந்த வடிவிலும் சங்கிலியிடுவது தடை செய்யப்பட்டுள்ளது. மைசூரின் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைகளும் மனநோயாளியை உள்நோயாளியாகச் சேர்த்தால் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. இவை எல்லாவற்றையும்விட இத்தொடரின் நோக்கில் முக்கியமானது, மனநல மறுஆய்வு வாரியம் எனும் அமைப்பு. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமையில் மருத்துவர்களும் மாவட்ட நிர்வாகத்தின் பிரதிநிதியும் அமரும் அந்த வாரியத்தில் இரண்டு இடங்கள், மனநோயை அனுபவித்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இத்துறைத் தொண்டு அமைப்பினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. நோயாளியோ அவர் நியமித்த பிரதிநிதியோ அங்கே முறையிடலாம். 1881-இல் நிலக்கிழாருக்குக் கிடைத்தது, 137 ஆண்டுகள் கழித்து மனநோயாளிக்கு எழுத்தில் கிடைத்தது.

எழுத்தில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல மாநிலங்களில் வாரியங்கள் அமைவதே பல ஆண்டுகள் தாமதமாயிற்று. சட்டம் வந்த பின்னும், 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயுனில் வழிபாட்டுத் தலம் சார்ந்த காப்பகத்தில் நோயாளிகள் சங்கிலியில் இருந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மற்றொரு குறை சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. வாரியத்திடம் முறையிடும் வழிகள் உயிரோடு இருப்பவரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. நோயாளி இறந்தபின் நடக்க வேண்டிய விசாரணைக்கு அச்சட்டம் தனி நடைமுறை எதையும் வகுக்கவில்லை. 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, காவல்துறையின் காவலிலோ நீதிமன்றம் அனுமதித்த பிற காவலிலோ ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்றது. நடுவர் ஆணையால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரின் மரணத்துக்கும் இது பொருந்தும் என வாதிட இடமிருந்தது. குடும்பத்தாரால் சேர்க்கப்பட்டு, பூட்டிய கூடத்தில் இறந்தவருக்கோ வழக்கமான காவல்துறை விசாரணையே எஞ்சுகிறது. அதைக் கேட்டுப் பெறுவதும் குடும்பத்தின் துணிவைப் பொறுத்தது. பல ஆண்டுகள் உறவினர் வந்து பாராத நோயாளிக்கு அந்தத் துணிவும் இல்லை. அவர் மரணம் பழைய அறிக்கையின் கடைசிப் பத்தியில் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிடுகிறது.

எண்ணும் எப்போதும் முழுமையாக இருப்பதில்லை. ஏர்வாடி வழக்குக்கு உச்ச நீதிமன்றப் பதிவுகளில் இடப்பட்ட தலைப்பு, தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம் என்பது. வழக்கறிஞர்களும் நூல்களும் இன்றும் அப்படியே மேற்கோள் காட்டுகின்றனர். தீக்காயங்களோடு சில நாள் உயிர்த்திருந்து பின் இறந்த மூவர் அந்தத் தலைப்பில் இல்லை.

(தொடரும்)